வான் பாதுகாப்பைக் காப்பீட்டுச் சந்தையிடம் ஒப்படைக்க முடியாது

2025 டிசம்பர் மாதம் இரண்டு முடிவுகளைக் கண்டது. முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகளை நியமிக்கத் தவறிய இண்டிகோ நிறுவனம் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் மேல். பயணிகள் நிலையங்களில் தவித்துக் கிடந்த அந்த நாளிலேயே ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக்கூடாது என்ற விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. இரவுப் பணி வரம்புகளிலிருந்து அந்நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளிக்கப்பட்டது. பின்னர் அதன் பயண அட்டவணை 10 சதவீதம் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் முதலில் வளைந்தது விதிதான்.

அதே மாதத்தின் நடுப்பகுதியில், காப்பீட்டுத் துறையில் அந்நிய நேரடி முதலீட்டின் வரம்பை 74 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் சட்டத்திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது.

மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இவ்விரண்டும் தொடர்பற்றவையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே சித்தாந்தம்: அரசின் ஒழுங்குமுறை தொழிலுக்குச் சுமை, அபாயத்துக்குச் சந்தையே விலை வைக்கும், அந்த விலையே மனிதர்களைப் பாதுகாப்பாக நடக்க வைக்கும் என்பது அது. இச்சித்தாந்தம் வான்பயணத்தைப் பொறுத்தவரை மிக நேர்த்தியான வடிவில் முன்வைக்கப்படுவது சிறு விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் இயக்கும் தனியார் விமானிகள் விஷயத்தில்தான். அதனால் அந்த வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொண்டு பரிசீலிப்பது அவசியம்.

வாதத்தில் உள்ள உண்மை

அமெரிக்காவில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்து ஓட்டுவோர் ஏராளம். உரிமம் பெற்ற தனியார் விமானி ஒருவர் 24 மாதங்களுக்கு ஒரு முறை பயிற்றுநரிடம் ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் தேர்வு கொடுத்தால் போதும் என்பது அந்நாட்டு விதி. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் அதோடு நிற்பதில்லை. குறிப்பிட்ட வகை விமானத்தில் எத்தனை மணி நேர அனுபவம், கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதிச்சான்று உண்டா, ஆண்டுதோறும் மறுபயிற்சி பெற்றாரா என்று கேட்கின்றன. சக்தி மிகுந்த விமானத்தை வாங்குவோர் குறிப்பிட்ட பயிற்சியை முடிக்காவிட்டால் பாலிசியே கிடைப்பதில்லை. சட்டம் கேட்காததைக் காப்பீடு கேட்கிறது. அரசு அலுவலகத்தைவிட விரைவாகவும் கேட்கிறது. எனவே ஒழுங்குமுறையைக் குறைத்து ஊக்கத்தொகையை வளர்ப்போம் என்கிறார்கள் சந்தைவாதிகள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. தன் விமானத்தைத் தானே ஓட்டி, தன் கழுத்தைத் தானே பணயம் வைக்கும் வசதி படைத்த ஒருவரிடம், பிரீமியம் ஓரளவு நல்ல பழக்கத்தை ஏற்படுத்தக்கூடும். அபாயத்தை உண்டாக்குபவரும், செலவை ஏற்பவரும், முடிவெடுப்பவரும், விபத்து நேர்ந்தால் சாகக்கூடியவரும் அங்கே ஒரே ஆள். வாதம் முழுவதும் இந்த ஒற்றுமையின் மீதுதான் நிற்கிறது.

அங்கேயும் அது முழுமையாக நிற்பதில்லை. தனிப்பட்ட பயன்பாட்டு விமான உரிமையாளர் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பாலிசி இல்லாமல் பறப்பவரைப் பிரீமியம் எப்படித் திருத்தும்? போட்டி மிகுந்த ஆண்டுகளில் நிறுவனங்கள் வாடிக்கையாளரைப் பிடிப்பதற்காகப் பிரீமியத்தையும் நிபந்தனைகளையும் ஒருசேரத் தளர்த்துகின்றன. நட்டம் வந்த ஆண்டுகளில் இரண்டையும் இறுக்குகின்றன. வானத்தின் அபாயம் மாறாமலிருக்க, சந்தையின் மனநிலைக்கேற்ப அதன் விலை ஏறி இறங்குகிறது.

கேதார்நாத் கற்பிப்பது

இந்தியாவில் தனியார் விமானி என்ற சொல் குறிப்பது பெரும்பாலும் சொந்த விமானத்தில் உலா வரும் செல்வந்தரை அல்ல. தனியார் வாடகை விமான நிறுவனத்திடமோ ஹெலிகாப்டர் நிறுவனத்திடமோ பயிற்சிப் பள்ளியிடமோ சம்பளத்துக்கு வேலை பார்க்கும் உழைப்பாளியையே அது குறிக்கிறது. அவர் ஓட்டும் எந்திரம் அவருடையதல்ல. எப்போது, எத்தனை முறை பறப்பது என்பதையும் அவர் தீர்மானிப்பதில்லை. சந்தைவாதிகள் சொல்லும் ஒற்றுமை இங்கே சிதறிப் போகிறது. லாபம் உரிமையாளருக்கு, உத்தரவு மேலாளருடையது, உயிர் விமானிக்கும் பயணிக்கும்.

உத்தராகண்டின் சார்தாம் யாத்திரைப் பாதையைப் பார்ப்போம். கேதார்நாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத் தளங்களிலிருந்து அங்கு செல்லும் ஹெலிகாப்டர் பயணம் சில நிமிடங்களே. குறுகிய பள்ளத்தாக்கு; இருபுறமும் மலைச்சுவர்; நொடியில் இறங்கி வழியை மூடும் மேகம். காற்றின் அடர்த்தி குறைந்த அந்த உயரத்தில் எந்திரத்தின் தூக்குசக்தியும் குறைகிறது. கண்ணால் பார்த்து மட்டுமே பறக்க வேண்டிய இப்பாதையில், பெருநகர விமான நிலையங்களில் உள்ளது போன்ற முழுமையான போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஏற்பாடு இல்லாமலேயே ஆண்டாண்டாக இச்சேவை நடந்து வந்தது. யாத்திரைக் காலம் சில மாதங்களே நீடிக்கும் என்பதால், ஒரு நாளில் எத்தனை நடை பறக்கிறது என்பதே நிறுவனத்தின் வருமானம்.

2025 மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் ஹெலிகாப்டர் விழுந்து 6 பேர் இறந்தனர். அதன்பின் வேறு மூன்று நிகழ்வுகள். அவற்றில் ஒன்றில் நோயாளியை ஏற்றிவரச் சென்ற ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரின் வால்பகுதி உடைந்தது, இன்னொன்றில் ஹெலிகாப்டர் நெடுஞ்சாலையிலேயே இறங்க நேர்ந்தது. ஜூன் 15 அதிகாலையில் கேதார்நாத்திலிருந்து குப்தகாசி நோக்கித் திரும்பிய ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்தது. விமானியும், இரண்டு வயது நிரம்பாத ஒரு குழந்தையும் உட்பட 7 பேரும் மாண்டனர். ஏறத்தாழ 40 நாட்களில் ஐந்து நிகழ்வுகள், 13 உயிர்கள்.

ஜூன் 15 விபத்தில் இறந்த விமானி ராணுவத்தின் வான்பிரிவில் நீண்ட அனுபவம் பெற்று ஓய்வு பெற்றவர். காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகள் எதிலும் அவர் குறைந்திருக்க மாட்டார். பறந்த மணிக்கணக்கும் பயிற்சியும் அவரிடம் இருந்தன. விபத்துக்குப் பின் காவல்துறை பதிவு செய்த வழக்கோ வேறொன்றைச் சொல்கிறது. ஒதுக்கப்பட்ட நேரம் காலை 6 மணிக்கு மேல்; மேகமூட்டம் இருந்தும் அதற்கு முன்பே ஹெலிகாப்டர் கிளப்பப்பட்டது என்பதே நிறுவனத்தின் மேலாளர்கள் மீதான குற்றச்சாட்டு. விமானியின் அனுபவத்தை அளக்கக் காப்பீட்டாளரிடம் அளவுகோல் உண்டு. அதிகாலை ஐந்து மணிக்கு, 'கிளம்பு' என்று வரும் தொலைபேசி அழைப்பை அளக்க அவரிடம் எந்த அளவுகோலும் இல்லை.

இன்னொரு உண்மை இதைவிடக் கசப்பானது. 2022 அக்டோபர் 18 அன்றும் கேதார்நாத் அருகே ஒரு ஹெலிகாப்டர் விழுந்து 7 பேர் இறந்தனர். அதை இயக்கியதும் 2025 ஜூனில் விழுந்ததை இயக்கியதும் ஒரே தனியார் நிறுவனம். விபத்து நேர்ந்தால் பிரீமியம் ஏறும், ஏறிய பிரீமியம் நிறுவனத்தைத் திருத்தும் என்பது கோட்பாடு. ஏழு பேர் இறந்த பின்னும் அந்நிறுவனம் அதே பள்ளத்தாக்கில் தொடர்ந்து பறந்துகொண்டிருந்தது என்பது நடைமுறை. பிரீமியம் ஏறினால் அது இன்னொரு செலவுத் தலைப்பு. கட்டணத்தில் கொஞ்சம் கூட்டலாம், இன்னும் இரண்டு நடை அதிகம் பறக்கலாம். அபாயத்தைக் குறைக்க வேண்டிய செலவு, அபாயத்தைக் கூட்டியே ஈடு செய்யப்படும் விந்தை இது.

பாலிசி எதன் மீது நிற்கிறது

காப்பீடு ஒழுங்குமுறைக்கு மாற்று என்போர் ஒரு விமானப் பாலிசியின் வாசகத்தைப் படித்துப் பார்க்கட்டும். விமானிக்குச் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். எந்திரத்துக்குப் பறக்கும் தகுதிச்சான்று இருக்க வேண்டும். அரசின் வான்போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டே பறந்திருக்க வேண்டும். நிபந்தனைகள் அனைத்தும் அரசு வகுத்த விதியின் மீது ஏற்றிக் கட்டப்பட்டவை. உரிமம் தருவது அரசு, சான்று தருவது அரசு, வரம்பு வகுப்பதும் அரசு. அந்த அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டால் காப்பீட்டாளர் எதைக் கொண்டு அளப்பார்?

அந்த நிபந்தனைகள் விபத்துக்குப் பின் எப்படிப் பயன்படுகின்றன என்பதும் கவனத்துக்குரியது. விதி மீறப்பட்டது என்று நிறுவினால் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பிலிருந்து விலக வாதாடலாம். பறக்கும் முன் விதிமீறலைத் தடுக்காத நிபந்தனை, பறந்து விழுந்த பின் இழப்பீட்டைத் தடுக்கும் ஆயுதமாகிறது. நிறுவனமும் காப்பீட்டாளரும் நீதிமன்றத்தில் மோதிக்கொள்ள, மாண்டோரின் குடும்பங்கள் வாசலில் காத்திருக்கின்றன. இறந்த விமானி சாட்சி சொல்ல வர முடியாது என்பதால், 'விமானியின் தவறு' என்ற இரண்டு சொற்களில் கோப்பு மூடப்படுவதே எல்லோருக்கும் வசதி.

எண்ணிக்கையின் சிக்கலும் உண்டு. லட்சக்கணக்கான கார்கள் ஓடும் இடத்தில் சராசரி கணக்கிட்டு அபாயத்துக்கு விலை வைக்கலாம். நாடு முழுவதும் உள்ள குடிமைப் பயன்பாட்டு ஹெலிகாப்டர்கள் சில நூறுக்கு மேல் இல்லை. அரிதாக நேர்ந்து, நேரும்போது அனைவரையும் கொல்லும் விபத்தை இவ்வளவு சிறிய தொகுப்பிலிருந்து கணிக்க எந்தக் கணக்காளராலும் இயலாது. காப்பீடு கற்றுக்கொள்வது பிணங்களை எண்ணித்தான். விதியோ முதல் பிணம் விழும் முன்பே வகுக்கப்படக் கூடியது.

மேலும் இந்தியாவின் விமானக் காப்பீட்டு அபாயத்தில் பெரும்பகுதி மறுகாப்பீட்டின் வழியே லண்டன் உள்ளிட்ட வெளிநாட்டுச் சந்தைகளுக்குச் செல்கிறது. 1973இல் 107 தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையாகி நான்கு அரசு நிறுவனங்களாயின. 2000இல் அந்நிய முதலீட்டுக்கு 26 சதவீதம் திறக்கப்பட்ட கதவு 49, 74 என அகன்று இன்று முற்றாகத் திறந்து கிடக்கிறது. கௌரிகுண்ட் பள்ளத்தாக்கின் மேகத்தைப் பற்றிய கவலையை, உலகத் தலைநகரங்களில் அமர்ந்து லாபவிகிதம் பார்க்கும் பங்குதாரரிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் பாதுகாப்புக் கொள்கை ஆகாது.

கணக்கில் விடுபட்ட இருவர்

விதி என்ன செய்ய வல்லது, உயிரைப் பணத்தால் அளக்கும் கணக்கு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. 2009 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே பிராந்தியப் பயணிகள் விமானம் ஒன்று விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் துணை விமானி குறைந்த ஊதியக்காரர். நாட்டின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து பணிக்கு வந்தவர். மாண்டோரின் குடும்பங்கள் ஓயாமல் போராடின. 2010இல் சட்டம் வந்தது. விமானிகளின் அனுபவத்துக்கும் ஓய்வுக்கும் கடுமையான வரம்புகள் வகுக்கப்பட்டன. அதன்பின் 2025 ஜனவரியில் வாஷிங்டனில் 67 பேரைப் பலிகொண்ட மோதல் வரை, அந்நாட்டுப் பயணிகள் விமான நிறுவனங்களுக்கு அத்தகைய பெரும் விபத்து நேரவில்லை. இதற்குக் காரணங்கள் பல உண்டு. விதியும் போராட்டமும் அவற்றில் முதன்மையானவை.

ஆனால் புதிய ஓய்வு விதிகளிலிருந்து சரக்கு விமானிகள் விலக்கப்பட்டனர். அவர்களையும் சேர்த்தால் நிறுவனங்களுக்கு ஆகும் செலவு, தவிர்க்கப்படும் இழப்பைவிட அதிகம் என்று கணக்கிடப்பட்டது. சரக்கு விமானம் விழுந்தால் சாவது இருவர் அல்லது மூவர்தானே! 2013 ஆகஸ்டில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் அதிகாலையில் ஒரு சரக்கு விமானம் விழுந்து அதன் விமானிகள் இருவரும் இறந்தனர். களைப்பும் ஒரு காரணி என்று விசாரணை வாரியம் பதிவு செய்தது. உயிரின் விலையைச் செலவின் எதிர்த்தட்டில் வைத்து நிறுக்கும் முறை ஆட்சியின் விதிக்குள்ளேயே நுழைந்தால் நேர்வது இது. அந்த முறையை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டுச் சந்தையிடம் முழுப் பொறுப்பையும் தந்தால் என்ன நேரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

விதி மட்டும் போதுமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வினா எழும். கேதார்நாத்தில் பறந்தவையும் அரசின் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவைதானே, அந்த ஒழுங்குமுறை ஏன் அவற்றைக் காப்பாற்றவில்லை? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் ஒழுங்குமுறை தோற்கவில்லை; தோற்கடிக்கப்பட்டிருக்கிறது.

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறத்தாழப் பாதி காலியாக இருப்பதை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. விமானங்கள் பெருகுகின்றன, நிறுவனங்கள் பெருகுகின்றன, ஆய்வாளர்கள் இல்லை. விபத்துக்கான காரணத்தை ஆராயும் புலனாய்வு அமைப்பும், விதியைக் காக்கத் தவறியிருக்கக்கூடிய இயக்குநரகமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இருக்கின்றன. 1934ஆம் ஆண்டின் சட்டத்தை அகற்றிவிட்டு 2025 ஜனவரி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும் இந்நிலை மாறவில்லை.

ஓய்வு விதிகளின் கதையும் இதுவே. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த விதிகள் 2024 ஜனவரியில் வெளியிடப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் அமலாக வேண்டியவை, நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டன. விமானிகளின் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வாதாடிய பிறகே 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக அமலுக்கு வந்தன. ஒரே மாதத்தில், சந்தையின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் பயணிகளைப் பணயமாக நிறுத்தி அவற்றை முறித்தது. ஏகபோகம் வளர வளர, விதி அதன் முன் கைகட்டி நிற்கும்.

பயிற்சிப் பள்ளிகளின் நிலையையும் காணலாம். 2025 இலையுதிர் காலத்தில் இயக்குநரகம் விமானப் பயிற்சி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தியது. மதிப்பிடப்பட்ட 35இல் ஒன்றுகூட முதல் இரு தரங்களில் இடம்பெறவில்லை. 13 நிறுவனங்கள் பி தரம், 22 நிறுவனங்கள் சி தரம். தரவரிசையை வெளியிட்டது நல்லதே. ஆனால் குறையுள்ள பள்ளி எது என்று அறிவித்துவிட்டு, பல லட்சம் கடன் வாங்கி வரும் மாணவரே பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும் என்று நின்றுவிட்டால், அதுவும் சந்தையிடம் கைகழுவுவதே. நாளைய விமானி இன்று அந்தப் பள்ளியில்தான் உருவாகிறார்.

தொழிலாளி வர்க்கம் அறிந்த பாடம்

இது வானத்தோடு முடியும் விஷயமல்ல. 1863இல் கல்கத்தாவில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டபோது, அதன் விளைவாக 1864இல் வங்காளத்தில் கொதிகலன் ஆய்வுச் சட்டம் பிறந்தது. 1923இல் அது நாடு தழுவிய சட்டமானது. காலனிய அரசுகூடக் கொதிகலனை உரிமையாளரின் நல்லெண்ணத்திடம் விட்டுவைக்க முடியவில்லை. 2025 நவம்பர் 21 அன்று அமலாக்கப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலோ, ஆய்வாளர் என்ற பதவி முதலாளிக்கு 'வசதி செய்து தருபவர்' என்ற பெயரையும் சுமக்கிறது. சுயசான்று, இணையவழி ஆய்வு, தனியார் தணிக்கை என்று ஆலையில் நடப்பதும், ஹெலிகாப்டர் தளத்தில் நடப்பதும் ஒன்றே. விபத்து நடந்தால் இழப்பீடு உண்டு என்பார்கள். தொழிலாளி கேட்பது இழப்பீடு அல்ல. மாலையில் வீடு திரும்பும் உரிமை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. தலைமை இயக்குநரகத்தின் காலிப் பணியிடங்கள் அனைத்தும் நிரந்தர அடிப்படையில் நிரப்பப்பட வேண்டும். அதற்கு அமைச்சகத்தின் தலையீடற்ற, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் சட்டப்பூர்வத் தன்னாட்சி தேவை. விபத்துப் புலனாய்வு அமைப்பு அமைச்சகத்திலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட வேண்டும். ஓய்வு விதிகளிலிருந்து எந்த நிறுவனத்துக்கும் விலக்கு கூடாது. வாடகை விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் இயக்கும் விமானிகளுக்கும் அதே கண்டிப்புடன் வரம்புகள் அமலாக வேண்டும். மலைப்பாதைகளில் வானிலைக் கருவிகளும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையங்களும் நிறுவப்பட்டு, அவை இயங்காத நாளில் எந்த ஹெலிகாப்டரும் எழும்பக் கூடாது. அனைத்துக்கும் மேலாக, வானிலையோ எந்திரமோ உடல்நிலையோ சரியில்லை என்று விமானி மறுத்தால், அதற்காக அவருடைய வேலையிலும் ஊதியத்திலும் கைவைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு வேண்டும். சங்கம் வைக்கும் உரிமை சிறு நிறுவனங்களின் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் நடைமுறையில் கிடைக்க வேண்டும். தனியாக நின்று 'முடியாது' என்று சொல்பவர் வேலையை இழப்பார். சங்கமாக நின்று சொல்பவரே விதியை உயிரோடு வைத்திருப்பார்.

காப்பீட்டுக்கும் இதில் இடம் உண்டு. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் வலுப்படுத்தப்பட்டு, அவை திரட்டும் ஆய்வு விவரங்கள் ஒழுங்குமுறை அமைப்புக்கும் மக்களுக்கும் கிடைக்கச் செய்தால், பாதுகாப்புக்கு அது துணை நிற்கும். விதியை மீறும் நிறுவனத்தின் மீது பிரீமியச் சுமை ஏறட்டும்; அச்சுமையை விமானியின் தலையில் இறக்கத் தடை இருக்கட்டும். விதிக்குப் பின்னால் நிற்கும் வரை காப்பீடு பயனுள்ளது. விதியின் இடத்தைப் பிடிக்க அனுமதித்தால் அது மரணத்துக்கு முன்கூட்டியே செலுத்தப்படும் கட்டணமாகச் சுருங்கிவிடும்.

யாத்திரைக் காலம் மீண்டும் வரும். மலையேற முடியாத முதியவர்கள் வாழ்நாள் சேமிப்பில் சீட்டு வாங்கி அந்த ஹெலிகாப்டர்களில் ஏறுவார்கள். தங்களை ஏற்றிச் செல்பவரின் நிறுவனம் எவ்வளவு பிரீமியம் கட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. மேகம் இறங்கிய காலையில் எந்திரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாரோ ஒருவரிடம் இருக்கிறது, அவர் நிறுவனத்தின் சம்பளப்பட்டியலில் இல்லை என்ற உறுதி அவர்களுக்கு இருக்க வேண்டும். அந்த உறுதியை அரசுதான் தர முடியும். அதைத் தரவைக்கும் போராட்டத்தில் விமானிகளோடும் பயணிகளோடும் இடதுசாரி, ஜனநாயக சக்திகள் உறுதியாக நிற்க வேண்டும்.